படுவான்கரைக்கு வலை தைக்க: மட்டக்களப்பு, மருதமுனைப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

கொழும்புக் கோட்டையிலிருந்து காலையில் மட்டக்களப்புக்குப் புறப்படும் உதயதேவி ரயிலில் ஏறிவிட்டேன். இரவுக் கோச்சியில் போனால் தூங்கிக்கொண்டே போய் விடிய இறங்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மாகோவுக்குப் பிறகு வரும் வறண்ட நாட்டைப் பகலில் பார்க்க வேண்டியிருந்தது.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் ஒரே காலத்தில் மெசின் மிதித்த தோழிகள் சிலர் இன்னும் தொடர்பில் இருக்கிறோம். பெரும்போக நெல்லுக்கு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் காவலுக்குப் போகிறவர்களுக்கு நுளம்பு வலை கொடுப்பது என்று காசு சேர்த்திருக்கிறோம். புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கிப் பார்சல் போடுவதா, அங்கேயே தைக்கக் கொடுப்பதா என்று வட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. "அங்க தைச்சா நாலு பொம்பளைகளுக்கு வேலை" என்பது ஒரு கட்சி. "வேலை குடுக்கவா காசு சேர்த்தோம், நுளம்பு கடிக்காம இருக்கத்தானே" என்பது மறு கட்சி. தையலில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் நான், அதனால் என்னை அனுப்பிவிட்டார்கள்.

நான் பிறந்தது ஹட்டன் பக்கம். எங்கள் குளிரில் மலேரியா என்பது பாடப்புத்தகத்து நோய். கிழக்கில் அது அப்படி இருக்கவில்லை.

மனம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். ஆவணி மாதம், ஆற்றில் பாதி மணல். மணலுக்கு நடுவே கண்ணாடி போலத் தெளிந்த குட்டைகள். நம் நாட்டில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு இந்த மாதிரிக் குட்டைதான் பிடிக்கும். சாக்கடைத் தண்ணீரை அது தேடுவதில்லை. ஆறு ஓட்டம் நின்று, மணலில் தேங்கி, வெயில் பட வேண்டும். மழை கொட்டினால் குட்டைகள் அடித்துக்கொண்டு போய்விடும், மழை பொய்த்தால் பெருகும். 1934, 35இல் அதுதான் நடந்தது. வழக்கமாக நீர் வற்றாத மேற்குப் பக்க ஆறுகளும் குட்டை குட்டையாக உடைந்தன. கேகாலை, குருணாகல் பக்கம் மலேரியா பழகாத உடம்புகள். ஏறத்தாழ 80,000 பேர் செத்ததாகக் கணக்கு.

அப்புறம் டீடீடீ என்ற பூச்சிமருந்து வந்தது. 1963இல் நாடு முழுக்கக் கண்ட நோயாளர் வெறும் 17 பேர். சரி, முடிந்தது என்று கையைத் தளர்த்தினார்கள். 1968, 69இல் ஐந்து லட்சத்துக்கு மேல் போனது.

வாழைச்சேனை, ஏறாவூர் தாண்டி மட்டக்களப்பில் இறங்கியபோது பின்னேரம். கல்லடியில் அறை. உள்ளே போனதும் கட்டிலுக்கு மேல் தொங்கிய வலையைத்தான் அவிழ்த்துப் பார்த்தேன், தொழில் புத்தி. கட்டில் இரட்டை, வலை ஒற்றை. ஓரத்தில் துணிப் பட்டி கிடையாது, அதனால் மெத்தைக்கு அடியில் செருகினால் நிற்காமல் நழுவி வருகிறது. தலைமாட்டில் ஒரு ஓட்டை, அதற்கு ஒட்டு டேப். இதற்குள் படுத்தால் முழங்கை வலையில் முட்டும், முட்டிய இடத்தில் நுளம்பு வெளியே நின்றபடியே குடித்துவிட்டுப் போகும். கடைசியில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு நுளம்புத்திரி கொளுத்தினேன்.

இரண்டாம் நாள்

காத்தான்குடி. பிரதான வீதியின் நடுவில் பேரீச்ச மர வரிசை, இரண்டு பக்கமும் துணிக்கடைகள். வலை விற்கும் கடை ஒன்றில் ஏறி இருப்பதையெல்லாம் விரிக்கச் சொன்னேன். குடை மாதிரி டப்பென்று விரியும் சிப் வைத்த கூடாரம்தான் இப்போது ஓடுகிறதாம். "ஆரு தங்கச்சி இப்ப தைச்ச நெற் வாங்குற? எல்லாரும் இதத்தான் கேக்குற" என்றார் கடைக்காரக் காக்கா (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்பார்கள்). சிப்பை நாலு தரம் இழுத்தேன், ஐந்தாம் தரம் பல் கடித்துக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே மடித்து வைத்துவிட்டார். பிள்ளைக்கு ஏணை வலை வேண்டும், பெரிய கட்டிலுக்கு வேண்டும் என்று வருகிறவர்களை ஆரையம்பதிப் பக்கம் ஓர் அக்காவிடம் அனுப்புவாராம். ஓட்டோ பிடித்து அங்கே போனேன்.

அக்காவின் தையலறை வீட்டின் முன் விறாந்தை. ஒரு ஜூக்கி, ஒரு ஓவர்லொக், மூலையில் பழைய கால்மிதி மெசின். அவரும் இரண்டு பெண்களும். வெள்ளிக்கிழமை கோயில், திங்கள் சந்தை என்று வேலை நாள் எதுவென்று கேட்டால் சிரிப்புத்தான். வலைக்கான நெற் துணி ரோல் கொழும்பு கெய்சர் வீதியிலிருந்து பஸ்ஸில் வருகிறது. கூரைக்கும் கரைப் பட்டிக்கும் பொப்லின்.

"இரிங்க மகள், தேத்தண்ணி குடிச்சிட்டு மறுகா பாக்கலாம்" என்றார். நான் தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடியே பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

நெற் துணி மெசினில் ஒரு சண்டைக்காரத் துணி. கீழே இருக்கும் பல் அதைப் பிடித்துத் தள்ள வேண்டும், ஆனால் பிடிக்க அங்கே துணியை விட ஓட்டைதான் அதிகம். சில கண்ணை இழுக்கும், சிலதை விட்டுவிடும், தையல் நெளிந்து போகும். அக்கா பழைய வீரகேசரியை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து நெற்றுக்கு அடியில் வைத்துத் தைத்தார். பல் கடதாசியைப் பிடித்து ஓடுகிறது, நெற் கூடவே போகிறது. தைத்து முடிந்ததும் கடதாசியைச் சரக்கென்று இழுத்தால் ஊசித் துளையோரமாகக் கிழிந்து வந்துவிடுகிறது. பட்டுத் துணிக்கு நாங்கள் பாக்டரியில் மெல்லிய தாள் வைத்துச் செய்கிற அதே வேலை. நெளிவே இல்லை. பிறகு நெற்றின் விளிம்பைப் பொப்லின் பட்டிக்குள் மடித்து வைத்து இரண்டாம் ஓட்டம். மூலையில் கயிறு கட்டும் காதை நெற்றில் தைக்காமல் கூரைத் துணியில் தைக்கிறார், அங்கே ஒரு துண்டு கூடுதல் துணியும் வைக்கிறார். கடையில் வாங்கிய வலை முதலில் கிழிவது அந்த மூலையில்தான்.

கடதாசியில் ஒரு அங்குலச் சதுரம் வெட்டி ரோலின் மேல் வைத்துக் கண்ணை எண்ணினேன். ஒரு பக்கம் 12, மறு பக்கம் 13. சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பது இந்த வியாபாரத்தில் பழகிய அளவு. பக்கத்தில் கிடந்த மலிவு ரோலில் அவ்வளவு இல்லை. "அது கல்யாண மேடைக்கு எடுத்தது, நெற்றுக்கு வெட்டமாட்டன்" என்றார் அக்கா, நான் கேட்காமலே.

சரி, இதெல்லாம் வெறும் வலை. மலேரியாவை அடித்தது வெறும் வலை மட்டும் அல்ல, மருந்து வலை. நூலிலேயே மருந்து இருக்கும், நுளம்பு வந்து உட்கார்ந்தால் சாகும். ஓர் ஊரில் பாதிப்பேர் அதற்குள் படுத்தால் மற்றவர்களைக் கடிக்க நுளம்பே குறைந்துவிடும். ஆபிரிக்காவில் 2000 முதல் 2015 வரை தவிர்க்கப்பட்ட மலேரியாவில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வலைகளால்தான் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருத்தி "மட்டக்களப்பிலேயே மருந்து வலை செய்யலாமே, தன்சானியாவில் செய்யவில்லையா?" என்று கேட்டிருந்தாள். தன்சானியாவின் ஆருஷா நகரில் ஏ டு இசட் என்ற ஆலை செய்தது உண்மைதான். 2003இல் ஜப்பானின் சுமிட்டோமோ கெமிக்கல் தன் ஒலிசெட் வலையின் தொழில்நுட்பத்தை உரிமைக் கட்டணம் இல்லாமல் அவர்களுக்குக் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, வேலை கிடைத்தது. ஆனால் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். பெர்மெத்ரின் மருந்தைப் பொலிஎதிலீனோடு உருக்கிக் கலந்து, அதிலிருந்து நூல் இழுத்து, அந்த நூலைப் பின்னல் இயந்திரத்தில் வலையாக்கி, கடைசியில்தான் தையல். மேலே இருக்கும் மருந்து கழுவுப்பட்டால் நூலுக்குள் இருப்பது மெல்ல வெளியே வரும். இருபது தரம் கழுவினாலும் வேலை செய்ய வேண்டும், வீட்டில் மூன்று வருடம் நிற்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபந்தனை. மருந்துச் சரக்கு சுமிட்டோமோவிடமிருந்து, வாங்கியவர்கள் பெரும்பாலும் யுனிசெப் போன்ற பெரிய கைகள். தமிழ்நாட்டுக் கரூரிலும் மேக்நெற், டியூராநெற் என்று மருந்து வலைகள் செய்கிறார்கள். தறியும் நூலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஊர் அது, உலகத்துக்கே ஏற்றுகிறது.

இதை அக்காவின் விறாந்தையில் செய்ய முடியாது. செய்யவும் கூடாது, பூச்சிமருந்தைக் கையால் தொட்டு நனைப்பது விளையாட்டு வேலை இல்லை. குழுவில் எழுதிவிட்டேன். பதிலுக்கு ஒரு அழும் முகம் வந்தது.

மூன்றாம் நாள்

காலை பஸ்ஸில் மண்முனைப் பாலம் வழியாகப் படுவான்கரை. 2014இல் இந்தப் பாலம் திறக்கும் வரை வாவியைக் கடக்கப் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி நிற்க வேண்டும், இழுத்துக்கொண்டு போவார்கள். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் உள்ளே.

எங்களுக்கு ஆட்களின் பட்டியல் தந்த பெரியவர், ஒரு காலத்தில் மலேரியா தடை இயக்கத்துக்கு மருந்தடித்தவர். வீடு வீடாகப் போய்ச் சுவரில் மலத்தியன் அடிக்கும் வேலை. "நாத்தம் எண்டா அப்பிடி ஒரு நாத்தம் மகள். எங்களக் கண்டா சனம் கதவச் சாத்தும். சாமிப் படத்துக்கு மேல அடிக்காத, பத்தாயத்துக்குக் கிட்ட அடிக்காத எண்டு பின்னால வந்து நிப்பாங்க." சண்டைக் காலத்தில் சோதனைச்சாவடி தாண்டி மருந்து டப்பாவோடு போன கதைகள் அவரிடம் நிறைய. அவரே குலைப்பன் காய்ச்சலில் விழுந்திருக்கிறார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம் சாக்கை மேலே போட்டுக்கொண்டு வெயிலில் இருந்தாலும் பல் கிட்டுமாம். குளோரோகுயின் கசப்பை இன்றைக்கும் நாக்கு மறக்கவில்லை என்று முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

1999இல் மட்டும் நாட்டில் 2,64,000க்கு மேற்பட்ட மலேரியா நோயாளர். பெரும் பங்கு வடக்கும் கிழக்கும். அதற்குப் பிறகு மருந்து வலை, சுவருக்கு மருந்து, காய்ச்சல்காரரைத் தேடிப் போய் இரத்தம் எடுத்தல் எல்லாம் சேர்ந்து பிடித்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆக இப்போது எங்கள் வலை மலேரியாவுக்கு இல்லை, தூக்கத்துக்கு. இதைத் தெளிவாகச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

இனித்தான் விசயம். காவல்காரர் இரவு தங்கும் வாடியைப் பார்க்க வேண்டும் என்றேன், கூட்டிப்போனார். கம்பு நட்டு, மேலே கிடுகு, நிலத்தில் பன்பாய். சில இடத்தில் மரத்தில் பரண். இரண்டு பேர் படுப்பார்கள், ஒருவர் முழித்திருக்க வேண்டும், இருவரும் தூங்குவதும் உண்டு. நான் சிப் வைத்த கூடாரத்தின் படத்தைப் போனில் காட்டினேன்.

"இதுக்குள்ள படுத்தா ஆனை வந்தா எப்பிடி ஓடுற?"

எனக்குப் பதில் வரவில்லை. தூக்கக் கலக்கத்தில், இருட்டில், கையில் டோர்ச்சும் வெடியும் இருக்க, சிப் எந்தப் பக்கம் என்று தடவிக்கொண்டிருக்க முடியுமா? நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிய வலையும் அதே கதைதான். முன்னர் கிடைத்த நல்ல மருந்து வலையைக்கூட இதனால்தான் சிலர் வாடிக்குக் கொண்டுபோகவில்லையாம். அது ஏணைக்கும் நாற்று மேடைக்கும் கோழிக்குஞ்சுக்கும் போயிற்று. அரசாங்கம் தந்ததை வீணாக்கினார்கள் என்று பேசுவோம், ஆனால் கட்டிலுக்கு அளந்து செய்த வலை அது.

பெரியவரும் அவருடைய மகனும் நானும் ஒரு பழைய சாரத்தை வைத்து அங்கேயே வெட்டு யோசித்தோம். ஒரு பக்கத்தில் வாசல், இரண்டு துண்டு ஒன்றின் மேல் ஒன்று ஒரு முழம் ஏறி நிற்க வேண்டும், கொக்கி இல்லை, கட்டு இல்லை. கையை வீசினால் விலகும், விட்டால் தானே மூடும். கீழே செருக மெத்தை இல்லாததால் துணிப் பட்டி அகலமாக, நிலத்தில் படிந்து கிடக்க வேண்டும். பட்டிக்குள் மணல் போட்டுக் கனம் கொடுக்கலாம் என்றார் மகன். கழுவ முடியாது என்று நான் மறுத்தேன். கடைசியில் இரட்டைத் துணி என்று முடிவு. வெள்ளை வேண்டவே வேண்டாமாம், ஒரு கிழமையில் சேறு.

மத்தியானம் அங்கேயே சாப்பாடு. எருமைத் தயிரும் சீனியும் கடைசியில் வந்தது. இரண்டாம் தரம் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

நான்காம் நாள்

அம்பாறை மாவட்டத்துக்குள் இறங்கி மருதமுனை. தறிச் சத்தம் கேட்கும் ஊர், சாரமும் சேலையும் நெய்கிற ஊர். 2004 சுனாமி கடற்கரைப் பக்கத்தை அள்ளிக்கொண்டு போனபோது தறிகளும் போயின, மீண்டும் நட்டார்கள். நெற் துணியை இங்கேயே நெய்துவிட்டால் கெய்சர் வீதியையும் விட்டுவிடலாமே என்று என் மனதில் ஒரு ஆசை இருந்தது.

நெசவுகாரக் காக்காவிடம் கேட்டேன். "ஏலாது" என்று ஒரே சொல். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வாங்க, காட்டுறன்" என்றார். சேலைக்கு நெடுக்காகக் கட்டிய பாவு நூலின் வால் கொஞ்சம் தறியில் மிச்சம் இருந்தது. அச்சை இடித்து நெருக்காமல், குறுக்கே ஓடும் ஊடை நூலை எட்ட எட்ட விட்டு நாலு விரல் நீளம் நெய்தார். பார்க்க வலை மாதிரியே இருந்தது, வெளிச்சம் அழகாக வந்தது. பெருவிரலை நடுவில் வைத்து லேசாகத் தள்ளினார். நூல்கள் பக்கத்துக்குப் பக்கம் வழுக்கி விலகி, சுண்டுவிரல் போகும் ஓட்டை. "நுளம்பு என்ன, கோழிக்குஞ்சே போகும்."

நெய்த துணியில் நூல் நூலின் மேல் சும்மா கிடக்கிறது, நெருக்கம்தான் பிடிப்பு. நெருக்கத்தை எடுத்தால் பிடிப்பும் போச்சு. ஆலை வலை நெய்தது அல்ல, பின்னியது. ஒவ்வொரு கண்ணிலும் நூல் வளையம் போட்டுப் பூட்டிக்கொள்கிறது, ஓர் இடத்தில் அறுந்தாலும் ஓடாது. இரண்டு பாவு நூலை முறுக்கி அதற்குள் ஊடையைப் பூட்டும் நெசவும் இருக்கிறது, தறியில் செய்யலாம். ஒரு வலைக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். காக்கா விரலை மடக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். "அந்த நேரம் ரெண்டு சேலை இறக்குவன் தங்கச்சி."

ஆக அந்த ஆசை முடிந்தது. ஆனால் கரைப் பட்டிக்கும் கூரைக்கும் அவர் நெய்யும் தடித்த பருத்தி பொப்லினை விட மேல், மண் நிறமும் இருக்கிறது. அளவு சொல்லி விலை கேட்டு வைத்தேன்.

கல்முனை பஸ் நிலையத்தில் நின்றபோது குழுவில் இன்னொரு வாக்குவாதம். இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள், ஒரு சின்ன விலையாவது வைப்போம், வெளியிலிருந்து இலவச வலை கொட்டினால் உள்ளூரில் தைப்பவர் படுத்துவிடுவார் என்று ஒருத்தி. இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கென்யாவில் ஜெசிக்கா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரண்டு பொருளியலாளர்கள் கர்ப்பிணிகள் வரும் கிளினிக்குகளில் இதைச் சோதித்தார்கள். சும்மா கொடுத்த வலைக்கு 60 அமெரிக்க சதம் விலை வைத்ததும் எடுத்தவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளி விழுந்தது. சும்மா வாங்கியவர்கள் குறைவாகப் பாவித்ததாகவும் இல்லை. தைப்பவருக்குக் கூலியை நாங்கள் கொடுப்போம், படுப்பவரிடம் வாங்க வேண்டாம். அக்காவின் பிழைப்பும் விவசாயியின் தூக்கமும் ஒன்றோடொன்று மோத வேண்டிய கட்டாயம் என்ன?

ஐந்தாம் நாள்

காலையில் சுகாதாரத் துறையில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரோடு பேசினேன். டெங்குதான் இங்கே பெரிய தலையிடி. 2017இல் நாடு முழுக்க 1,86,000க்கு மேல் டெங்கு நோயாளர். அந்த நுளம்பு பகலில் கடிக்கும், இரவு வலையால் பெரிய பயன் இல்லை. ஆனால் பகலில் தூங்கும் பிள்ளைக்கும், காய்ச்சலோடு வீட்டில் படுத்திருப்பவருக்கும் வலை அவசியம் என்றார். காய்ச்சல்காரரைக் கடித்த நுளம்புதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும். ஏணை வலை கொஞ்சம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

மலேரியா? குலிசிபேசிஸ் இன்னும் இருக்கிறது, இரத்தினக்கல் வாங்க ஆபிரிக்கா போய் வருகிறவர்கள், இந்தியா போய் வருகிறவர்கள் உடம்பில் நோயும் வருகிறது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நகரத்து நுளம்பு மன்னாரில் இருப்பதாக 2017இல் அறிவித்தார்கள், அது கிணற்றிலும் தாங்கியிலும் முட்டையிடும். பயணம் போய் வந்து காய்ச்சல் கண்டால் மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள். அந்தப் பரிசோதனை இலவசம், வலையை விட அதுதான் முதல் காவல்.

ஆரையம்பதிக்குத் திரும்பிப் போய் அக்காவிடம் வாடி வலையின் படத்தை வைத்தேன். வாசல் துண்டு ஒரு முழம் ஏறுவதைப் பார்த்து, துணி அதிகம் போகுதே என்றார். ஆனை என்றதும் பேசாமல் அளவு நாடாவை எடுத்தார். முதலில் பத்து, அறுவடை வரை பாவித்துப் பார்த்துக் குறை சொன்ன பிறகு மீதி. கிழிந்தால் கொண்டுவந்து கொடுக்கலாம், தைத்துத் தருவார், அதற்குத் தனியாகக் காசு. ரோல் எடுக்க முற்பணம் பாதி வேண்டும், 156க்குக் குறைந்த ரோல் வந்தால் திருப்பி அனுப்புவது அவர் பொறுப்பு. நெற் துணி கொழும்பு, பட்டி மருதமுனை, வெட்டும் தையலும் ஆரையம்பதி என்று கணக்கைப் பிரித்துக் குழுவில் போட்டிருக்கிறேன். புறக்கோட்டைக் கூடாரத்தை விட ஒரு வலைக்குக் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. இரண்டு பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இரவு கோச்சி ஏறுவதற்குள் சொல்லிவிட்டால் முற்பணத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.